கோடை விடுமுறையும் வறிய சிறாரின் கலைக் கல்வியும்

வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளும் வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் கல்வியில் ஏன் இத்துணை வேறுபடுகின்றனர் என்ற வினாவுக்குப் பாடசாலையைக் குறைகூறும் விடையே பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மேற்கொள்ளப்பட்ட நீண்டகால ஆய்வொன்று இவ்விடையை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. 1982இல் அந்நகரின் 20 அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 800 சிறாரை, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்களான கார்ல் அலெக்சாண்டரும் டோரிஸ் என்ட்விஸிலும் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். பாடசாலை நடைபெறும் மாதங்களில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறினர். கோடை விடுமுறையிலோ வசதியுள்ளோர் மேலும் வளர, வறியோர் நின்ற இடத்திலேயே நின்றனர். பாடசாலை என்னும் நீர்க்குழாய் திறந்திருக்கும் வரை அனைவருக்கும் நீர் கிடைக்கின்றது. அது மூடப்பட்டதும் வீட்டில் கிணறு உள்ளவன் மட்டுமே தாகம் தீர்க்கின்றான் என்று இதனை விளக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் காணப்படும் வாசிப்புத்திறன் இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஆரம்ப வகுப்புகளின் கோடை விடுமுறைகளில் உருவானது என்பது 2007இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் முடிவாகும்.

இம்முடிவு பின்னர் கேள்விக்குள்ளானதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். அக்காலத் தேர்வுகளில் மதிப்பெண்கள் கணிக்கப்பட்ட முறையே இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்றும், ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி பிள்ளை பாடசாலைக்குள் காலடி வைக்குமுன்பே உருவாகிவிடுகின்றது என்றும் போல் வொன் ஹிப்பல் முதலிய ஆய்வாளர்கள் வாதிட்டுள்ளனர். எனினும், இவ்வாதம் எவ்வாறு முடிந்தாலும் கோடையின் பத்து வாரங்களில் ஒரு பிள்ளைக்கு என்ன கிடைக்கின்றது என்பதைக் குடும்பத்தின் பணப்பையே தீர்மானிக்கின்றது என்ற உண்மை மாறவில்லை. ஓவிய வகுப்பு, இசைப் பயிற்சி, கோடை முகாம் ஆகிய அனைத்துக்கும் கட்டணம் உண்டு. வேலைக்குச் செல்லும் தாய், பிள்ளையைத் தெருவில் விட அஞ்சி வீட்டுக்குள் பூட்டிவிட்டுச் செல்கிறாள். தொலைக்காட்சியே அவனது ஆசிரியர். பாடசாலையில் கிடைத்து வந்த மதிய உணவும் அத்துடன் நின்றுவிடுகின்றது. இதனை உணர்ந்தே அமெரிக்க அரசு 1968இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய கோடைகால உணவுத் திட்டத்தை 1975இல் தனித் திட்டமாக்கியது. கலைக் கல்வி பற்றிப் பேசுமிடத்துச் சோற்றைப் பற்றி ஏன் பேசுகின்றோம் என வாசகர் வினவலாம். பசித்த பிள்ளை தூரிகையைப் பிடிக்கமாட்டாது என்பதே எமது விடை.

அதே பால்டிமோர் நகரில், யங் ஓடியன்ஸஸ் என்னும் கலைக்கல்வி அமைப்பு 2015 முதல் இலவசக் கோடைகாலக் கலைப் பயிலகம் ஒன்றை நடத்தத் தொடங்கியது. ஒவ்வொரு வகுப்பையும் ஒரு பாடசாலை ஆசிரியரும் ஒரு கலைஞரும் இணைந்து நடத்துவது அதன் சிறப்பம்சமாகும். கலையையும் பாடத்தையும் பிணைக்கும் இத்தகைய வகுப்புகளில், பின்னம் கரும்பலகையில் மட்டும் கற்பிக்கப்படுவதில்லை. ஒரு முழுத் தாள அளவை இரண்டாகவும் நான்காகவும் பகுத்து முரசில் தட்டும் பிள்ளை, அரையையும் காலையும் காதாலும் கையாலும் அறிந்துகொள்கின்றான். அறிந்ததை எளிதில் மறப்பதுமில்லை.

இத்தகைய திட்டங்கள் பயன் தருவதற்கு வருகை இன்றியமையாதது. 2011இல் தொடங்கி, பொஸ்டன், டலஸ், பிட்ஸ்பர்க் உள்ளிட்ட ஐந்து கல்வி மாவட்டங்களின் இலவசக் கோடை வகுப்புகளை ஆராய்ந்த ரேண்ட் நிறுவனம், 20 நாட்களோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகளிடம் கணிதத்தில் முன்னேற்றத்தைக் கண்டது. ஆனால் இடம் கிடைத்தும் வராமலேயே இருந்துவிட்ட பிள்ளைகளும் அங்கு குறைவாக இருக்கவில்லை. எமது நோக்கில், பிள்ளையை வகுப்புக்கு அழைத்து வருவதில் கலைக்குள்ள ஆற்றலை எந்த நிர்வாகியும் அலட்சியம் செய்யலாகாது. நாடகத்தில் தனக்கொரு பாத்திரம் இருப்பதை அறிந்த பிள்ளை தானாகவே எழுந்து வருகின்றது.

ஆயினும், கசப்பு மருந்துக்குப் பூசும் தேனாக மட்டுமே கலையைக் கருதும் போக்கை நாம் ஏற்பதற்கில்லை. கணித மதிப்பெண் உயராவிடின் ஓவிய வகுப்பை மூடிவிடலாம் என்ற தர்க்கம் அதனுள் மறைந்து கிடக்கின்றது. செல்வந்தர் தம் பிள்ளைகளை இசை பயில அனுப்பும்போது இத்தகைய கணக்கு எதையும் பார்ப்பதில்லை; வறியவரின் பிள்ளையிடம் மட்டும் ஏன் அதைக் கேட்கின்றோம்?

கோடை வகுப்பாக அன்றி, பாடசாலை முடிந்த பின் மாலையில் நடந்த வகுப்பொன்றின் வரலாறு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1917இல் பிறந்த ஜேக்கப் லோரன்ஸ் என்னும் கறுப்பினச் சிறுவன் தன் 13ஆவது வயதில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்து சேர்ந்தான். வீட்டு வேலைகள் செய்து பிழைத்த தாய், தெருவின் தீங்குகள் அண்டாதிருக்கும்பொருட்டு அவனை யுட்டோப்பியா சிறுவர் இல்லத்தின் மாலை வகுப்பில் சேர்த்தார். அங்கு ஆசிரியராக இருந்த ஓவியர் சார்ல்ஸ் ஆல்ஸ்டன் தன் பாணியை அவன்மீது திணிக்கவில்லை. பொருட்களைக் கொடுத்து அவன் போக்கில் விட்டார். அவனோ அட்டைப் பெட்டிகளின் உட்புறத்தில் தான் அன்றாடம் காணும் தெருக்களை வண்ணங்களால் அமைத்தான். 1941இல், 23 வயதில், தென் மாநிலங்களிலிருந்து வடக்கு நோக்கி நிகழ்ந்த கறுப்பின மக்களின் பெரும் இடப்பெயர்வை 60 ஓவியங்களாக அவர் தீட்டி முடித்தார். அவற்றில் 30 வொஷிங்டனின் பிலிப்ஸ் சேகரிப்பிலும், 30 நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. அத்தொடரின் 58ஆவது ஓவியம் வடக்கில் கிடைத்த கல்வியைப் பற்றியது. மூன்று சிறுமியர் எமக்கு முதுகு காட்டி நின்று, கைகளை உயர்த்திக் கரும்பலகையில் எண்களை எழுதிக்கொண்டிருக்கின்றனர்.