லாக்டவுனில் நின்றுபோன சிறப்புக் கல்வி: அந்த நாட்களைத் திருப்பிக் கேட்க முடியுமா?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சாயர்புரம் பக்கம் ஒரு தெரு. 2020 ஜூன் மாதம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அது காலையில் அப்பாவோடு தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்விடும், ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்பி வரும். அதற்குப் பிறகு மூத்த பெண் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பாடங்களைப் பார்ப்பாள். இளையவனுக்கும் பாடம் வந்திருக்கும், ஆடியோவாக. அம்மா டீச்சருக்கு போன் போடுகிறார்: “டீச்சர், இவனுக்குத்தான் காது கேக்காதுல்லா? ஆடியோ அனுப்புனா என்னத்தப் படிப்பான்?”

டீச்சரிடம் பதில் இருந்திருக்காது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கேள்வி போக வேண்டிய இடம் வேறு.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் மறுபடி திறந்தன. பத்தொன்பது மாதம். எல்லாப் பிள்ளைகளும் இழந்தார்கள், உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு இழப்பு இல்லை. கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு ட்யூஷன் வைத்துச் சரிசெய்யலாம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு பிசியோதெரபி மாதக்கணக்கில் நின்றால் தசை இறுகிவிடும், பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரிய பாடு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றாட ஒழுங்கு கலைந்தால், கற்றுக்கொண்ட பேச்சே பின்வாங்கலாம். பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளி 1895-ல் தொடங்கியது. அப்படிப்பட்ட ஹாஸ்டல் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் திடீரென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வீடுகளுக்குத்தான் பலர் திரும்பினார்கள்.

இந்த இழப்புக்கு யார் பொறுப்பு? சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளிதான் மூடியது, சட்டம் மூடவில்லை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். இதன் 16-வது பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். அரசு நடத்தும், நிதி தரும் அல்லது அங்கீகரித்த எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தும். தனியார் பள்ளியும் இதில் அடக்கம். பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும். பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கு அவர்களுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் பாடம் நடத்த வேண்டும். கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். இதே பிரிவில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வரி இருக்கிறது: ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் பள்ளி கண்காணிக்க வேண்டும்.

‘ஒவ்வொரு’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவோம்.

பள்ளி மூடியிருந்தால் இந்தக் கடமைகள் பொருந்தாது என்று 16-வது பிரிவில் எங்கும் இல்லை. அதே சட்டத்தின் 8-வது பிரிவு பேரிடர், நெருக்கடி காலங்களைப் பற்றியே பேசுகிறது. ஆனால் அது உயிர்ப் பாதுகாப்பை மனதில் வைத்து எழுதப்பட்டது, பிள்ளையின் படிப்பை அது தொடவில்லை. வெள்ளம், புயல் என்று யோசித்தவர்கள், பள்ளிக்கூடம் ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடக்கும் என்று யோசிக்கவில்லை போலும்.

இன்னொரு பக்கம் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. 6 முதல் 14 வயது வரை. 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிப்பதையும் தேர்ந்தெடுக்கலாம். ‘தேர்ந்தெடுக்கலாம்’ என்பதுதான் முக்கியம். அந்த உரிமை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது. “இவனை வீட்டுலயே வச்சுக்கோங்கம்மா, வாரத்துக்கு ஒரு நாள் ஆள் வருவாங்க” என்று பள்ளி தன் வசதிக்குச் சொல்வதற்கு அந்தத் திருத்தம் கொண்டுவரப்படவில்லை. லாக்டவுனில் தற்காலிகமாக வீட்டில் உட்கார்ந்த சில பிள்ளைகளுக்கு அதுவே நிரந்தரமாகிவிட்டால், அங்கே உரிமை தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

கோர்ட்டுக்குப் போனவர்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் சிலர் நீதிமன்றக் கதவைத் தட்டினார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்கள் ஆன்லைன் வகுப்பில் விடுபட்டுப் போகிறார்கள் என்று மகாராஷ்டிராவைச் சேர்ந்த அனாம்பிரேம் என்ற அமைப்பு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. போனும் நெட்டும் இல்லாத ஊர்களுக்கு தூர்தர்ஷன் வழியாகப் பாடம் கொண்டுபோக முடியாதா என்ற கேள்வியை நீதிமன்றமே அரசிடம் எழுப்பியது.

டெல்லியில், 2020 செப்டம்பர் 18 அன்று உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தனியார் பள்ளி ஆன்லைனில் நேரலை வகுப்பு நடத்துகிறது என்றால், இடஒதுக்கீட்டில் சேர்ந்த ஏழை, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குக் கருவியும் இணைய வசதியும் பள்ளியே தர வேண்டும் என்றது தீர்ப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் அந்தப் பின்தங்கிய பிரிவுக்குள் வருவார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அதே உச்ச நீதிமன்றம் அக்டோபரில், டிஜிட்டல் இடைவெளியால் ஏழைப் பிள்ளைகள் படும் பாட்டைக் கவலையோடு பேசி, அரசு திட்டம் ஒன்றோடு வர வேண்டும் என்றது. அதற்குள் பள்ளிகள் திறக்கத் தொடங்கிவிட்டன.

சட்டப் போராட்டத்தில் இது பழைய கதைதான். தீர்ப்பு வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

அதே அக்டோபர் 28-ம் தேதி வந்த வேறொரு தீர்ப்புதான் நீண்ட காலத்துக்கு நிற்கப் போவது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கு. சிறப்பாசிரியர் பணியிடம் பற்றியது. எத்தனை பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று மத்திய அரசு விதி வகுக்க வேண்டும், அதுவரை மூளை முடக்குவாதம் என்றால் 8 பேருக்கு ஒருவர், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்றால் 5 பேருக்கு ஒருவர், பார்வையும் கேட்டலும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் 2 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 செப்டம்பரில் மத்திய அரசு விதியைக் கொண்டுவந்தது: தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் மாநிலங்களைக் கூப்பிட்டு, பணியிடங்களை முறையாக அறிவியுங்கள், ஒப்பந்த முறையிலேயே ஓட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. வழக்கு தொடங்கியது 2016-ல்.

“40 சதவீதம் இல்லையே” என்று திருப்பி அனுப்பினால்?

இது நிறையப் பெற்றோர் கேட்கும் பதில். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று இருந்தால், 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி உண்டு. இது 31-வது பிரிவு. ஆனால் தேவைக்கேற்ற வசதி கேட்க 40 தேவையில்லை. கை எழுதும்போது இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒருவருக்கு சிவில் சர்வீஸ் தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளரைத் தர மறுத்த வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. டிஸ்லெக்சியா பிள்ளைகளின் பெற்றோர் இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் ஒரு சொல் இருக்கிறது

நம்மிடம் இல்லாதது அது. அங்கே சிறப்புக் கல்வி பெற வேண்டிய பிள்ளைக்கு அது கிடைக்காமல் போனால், போன நேரத்தை ஈடுகட்டித் தர வேண்டும். பணமாக அல்ல, கல்வியாக. விடுபட்ட பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி எல்லாவற்றையும் பின்னால் கூடுதலாகத் தர வேண்டும். ஈடுகட்டும் கல்வி என்று சொல்லலாம்.

லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் பெருந்தொற்றுக் காலத்தில் இதைச் சரியாகச் செய்யவில்லை என்று அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் பிரிவு விசாரித்துக் கண்டறிந்தது. 2022 ஏப்ரலில் அந்தப் பள்ளி நிர்வாகம் ஒப்பந்தத்துக்கு வந்தது: சுமார் 66,000 மாற்றுத்திறனாளி மாணவர்களின் தேவையைப் பரிசீலித்து, யாருக்கு எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்று பார்த்து, அதைத் தர வேண்டும்.

இங்கே நீதிமன்றங்கள் போன் கொடு என்றன, ஆசிரியரைப் போடு என்றன. ‘விட்டுப்போன மணி நேரத்தைத் திருப்பிக் கொடு’ என்ற கோரிக்கைக்கு நம் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. கிட்டத்தில் வருவது 2021 நவம்பரில் வந்த ஒரு நீட் வழக்கு. எழுத்துக் குறைபாடு உள்ள மாணவிக்குச் சேர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையம் தரவில்லை. மறுதேர்வு இல்லை என்ற உச்ச நீதிமன்றம், ஆனால் அநியாயத்தை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு வாரத்துக்குள் முடிவு செய்யும்படி தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. ஒரே ஒரு ஆளுக்கு நடந்தது என்பதற்காக விட்டுவிட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்த வாதத்தைப் பள்ளிக்கும் கொண்டுவர முடியும் என்பது என் கருத்து. அதற்கு அடிப்படைதான் நாம் மேலே பார்த்த ‘ஒவ்வொரு’. ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்றால், 2020 மார்ச்சில் எங்கே இருந்தான், 2021 நவம்பரில் எங்கே இருந்தான் என்று பதிவேடு இருக்க வேண்டும். இருந்தால் இழப்பு தெரியும். இல்லையென்றால் கடமை தவறியது தெரியும். எது வந்தாலும் பெற்றோர் கையில் ஒரு ஆவணம்.

சரி, சாயர்புரத்திலிருந்து எங்கே தொடங்குவது?

வக்கீலிடம் ஓட வேண்டாம், முதலில் பேப்பர். ஜி.யு.போப் 1840-களில் கல்விக்கூடம் நடத்திய ஊர் இது. அவர் பெயரிலேயே கல்லூரியும் இருக்கிறது. மனு எழுதித் தர ஆள் கிடைக்காத ஊர் அல்ல. ஆனால் சிறப்புக் கல்வி விஷயத்தில் நாம் எல்லாவற்றையும் வாய்மொழியாகவே கேட்கிறோம், வாய்மொழியாகவே மறுக்கப்படுகிறோம்.

தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். நீளமாக வேண்டாம். ‘என் மகனுக்கு இன்ன குறைபாடு உள்ளது. 2020 மார்ச் முதல் இன்ன தேதி வரை சிறப்பாசிரியர் வரவில்லை, பிசியோதெரபி கிடைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 16-வது பிரிவின்படி அவனது தற்போதைய நிலையை மதிப்பீடு செய்து, விடுபட்ட பயிற்சியை வழங்கத் திட்டம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ இவ்வளவு போதும். நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் வட்டார வள மையத்தின் கீழ் வருவதால் அங்கேயும் ஒரு நகல்.

பிறகு ஆர்.டி.ஐ. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் பிள்ளையின் வருகை, பயிற்சி, வீட்டுவழிக் கல்விப் பதிவுகளின் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் பிள்ளைக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி போனது என்ற கணக்கு இதிலிருந்துதான் கிடைக்கும். பதிவேட்டில் ‘வந்து போனோம்’ என்று எழுதியிருந்து, வீட்டுக்கு யாரும் வராமல் இருந்தால் அதுவும் இங்கேதான் வெளியே வரும்.

பள்ளி அசையவில்லையா? 14 வயதுக்குள் என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவில் எழுத்துப்பூர்வப் புகார். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. அதற்கு மேல் வயது என்றால், அல்லது இரண்டையும் சேர்த்தே, சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அவருக்கு விசாரணையில் சிவில் கோர்ட்டின் அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரைதான். துறை அதை ஏற்கவில்லையென்றால் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். பல் கொஞ்சம் குறைவு என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனாலும் அந்தக் காரணக் கடிதம் பின்னால் கோர்ட்டில் பயன்படும்.

கடைசிப் படி மதுரை. தூத்துக்குடி மாவட்டம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் கீழ் வருகிறது. 226-வது பிரிவில் ரிட் மனு போடலாம். செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 2020 மார்ச்சில் 12 வயதாக இருந்த பிள்ளைக்கு 2026 மார்ச்சில் 18 ஆகிவிடும், இலவசக் கல்வி உரிமையின் வரம்பு அதோடு முடியும். 6 வயதாக இருந்த பிள்ளைக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது. திங்கள்கிழமை கோரம்பள்ளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். போகிறவர்கள் மருத்துவச் சான்று, அடையாள அட்டை, பள்ளிக்குக் கொடுத்த கடிதம் மூன்றையும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். மனு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.