இலையுதிர்த்த செடியை வெட்டிவிடாதிருங்கள்

பங்குனி மாதத்தில் உங்கள் வீட்டு வாசலிலுள்ள பவளமல்லி இலைகளையெல்லாம் உதிர்த்து வெறுங்குச்சியாய் நிற்பதைக் கண்டதுண்டா? "இது பட்டுப்போயிற்று" என்று எண்ணி, அரிவாளை எடுக்க வேண்டாம். கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், செடிக்கு உயிர் இருக்கிறது.

இலைகளின் வழியாகவே செடி பெருமளவு நீரை வெளிவிடுகிறது. மண் காய்ந்திருக்கும் மாதங்களில் இலைகளை உதிர்த்துவிடுவதினால் அந்தச் செலவு மிச்சமாகிறது. மும்பையிலும் பூனாவிலும் மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். மற்ற மாதங்கள் வறட்சியே. அங்கே குடியேறிய நம்மவர்களில் அநேகர், வாசலில் ஐந்தடி மண் கிடைத்தவுடன், எப்போதும் பச்சையாயிருக்கும் அந்நிய நாட்டுச் செடிகளையே வாங்குகிறார்கள். பிறகு கோடையில் குடிதண்ணீரை அவற்றுக்கு ஊற்றுகிறார்கள். ஆனால் அந்தப் பகுதியின் மலைச்சரிவுகளிலேயே, இலையுதிர்த்து வறட்சியைத் தாங்கும் அழகிய புதர்ச்செடிகள் உண்டு.

அவற்றில் முதலாவது வைக்கத்தக்கது தாதகி. மராட்டியர் இதைத் தாயட்டி என்பார்கள். பிற செடிகள் வாடி நிற்கும் வறண்ட மாதங்களில், இதன் வளைந்த கிளைகளில் குழல் போன்ற செந்நிறப் பூக்கள் நெருக்கமாய் மலர்கின்றன. தேன்சிட்டுகள் அவற்றைத் தேடி வரும். அரிஷ்டங்களைப் புளிக்கவைக்க வைத்தியர்கள் சேர்ப்பது இந்தப் பூவைத்தான். பழைய கிளைகளிலே பூக்கிறபடியால், பூத்து முடிந்த பின்னரே கத்தரிக்க வேண்டும். முன்னதாகக் கத்தரித்தால் அந்த ஆண்டின் பூக்களை இழந்துபோவீர்கள்.

வலம்புரியை நீங்கள் அறிவீர்கள். கயிறுபோல் முறுக்கிய அதன் காய் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். செடியை வீட்டில் வைத்திருப்பவர்களோ வெகு சிலரே. சிவப்பாய் மலரும் பூ, நாளடைவில் சாம்பல் நீலமாய் மங்குவது பார்க்கத்தக்கது.

குடசப்பாலையும் நல்லதுதான். வெண்பூக்கள் கோடையில், புதுத்தளிரோடு வரும். ஆனாலும் கத்தரிக்காமல் விட்டால் மரமாகிவிடும். ஐந்தடி மண்ணுள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம். கிளையை ஒடித்தால் பால் வடியும். கண்ணில் படாதபடி பிள்ளைகளை எச்சரியுங்கள்.

பவளமல்லியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவில் மலர்ந்து விடியற்காலையில் உதிரும் பூ அது. மழைக்காலத்தின் பிற்பகுதியில் பூக்கத் தொடங்குவதால், கத்தரிப்பதைக் கோடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பகட்டான நாற்றுப்பண்ணைகளில் தாதகியும் வலம்புரியும் அரிதாகவே இருக்கும். வனத்துறையின் நாற்றங்கால்களில் மராட்டிப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: தாயட்டி, முருட்சேங், குடா, பாரிஜாதக். காட்டிலிருந்து பிடுங்கிவர வேண்டாம். அப்படிக் கொண்டுவருபவை வேர் அறுந்து பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஜூன் மாதத்தில் முதல் மழை மண்ணை நனைத்தவுடன் நடுங்கள். குழி ஒன்றரையடி அகலமும் ஆழமும் இருந்தால் போதும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறை நன்றாய் நனையும்படி தண்ணீர் ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எரித்துவிடாமல், அந்தச் செடியின் அடியிலேயே பரப்பிவிடுங்கள்.