டாக்சியில் 'கார்டு மிஷின்' கட்டாயமா? ஓசூர் டிரைவர்கள், பயணிகள் தெரிஞ்சுக்க வேண்டிய விவரம்

ஓசூர்:

ஓசூர் பஸ் நிலையத்துல இறங்கி சிப்காட்டுக்கோ, எல்லை தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கோ கார் பிடிக்கும் பயணிகள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, கார்டு எடுத்துப்பீங்களா?" என்பது தான். இல்லை என்று டிரைவர் சொன்னால், "மிஷின் வெக்கணும்னு ரூல்ஸ் இருக்கே" என்று சிலர் வாக்குவாதம் செய்கிறார்கள். டிரைவருக்கும் சந்தேகம். ஆர்.டி.ஓ. ஆபீசில் பிடித்தால் அபராதம் போடுவார்களோ என்று பயம்.

உண்மை என்ன? மஞ்சள் போர்டு வண்டியில் கார்டு தேய்க்கும் மிஷின் இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் எங்கும் இல்லை. ஜி.பி.எஸ். கருவி, அவசர பட்டன் பற்றி விதி உண்டு. கார்டு மிஷின் பற்றி கிடையாது. மின்னணு முறையில் பணம் வாங்கும் வசதியை வைத்தே ஆக வேண்டும் என்று வருமான வரி சட்டம் சொல்வது, ஆண்டுக்கு ரூ.50 கோடிக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்களுக்கு தான். 2020 ஜனவரியில் இருந்து இது அமலில் உள்ளது. ஒத்தை வண்டி வைத்து ஓட்டுபவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வெளிநாட்டில் அப்படி இல்லை. லண்டனில் 2016 அக்டோபர் 31 முதல் எல்லா கருப்பு டாக்சியிலும் கார்டு வாங்குவது கட்டாயம் ஆனது. கார்டுக்கு தனியாக காசு கேட்க கூடாது என்றும் சொல்லி விட்டார்கள். அந்த செலவு டிரைவர் தலையில் விழாமல் இருக்க, குறைந்தபட்ச கட்டணத்தை அந்த ஆண்டு 20 பென்ஸ் ஏற்றி கொடுத்தார்கள். நியூயார்க்கில் 2007-ம் ஆண்டு இதே மிஷினை எதிர்த்து டாக்சி டிரைவர்கள் செப்டம்பர் மாதம் 2 நாள் ஸ்டிரைக் செய்தார்கள். கமிஷன் போகுது, ஜி.பி.எஸ். வைத்து கண்காணிக்கிறாங்க என்பது அவர்கள் கோபம்.

நம்ம ஊரில் கண்டிப்பாக இருக்க வேண்டியது கண்ணாடியில் ஒட்டும் பாஸ்டேக். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியோ, எல்லை தாண்டியதும் வரும் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியோ, 2021 பிப்ரவரி 16 முதல் பாஸ்டேக் இல்லாத வண்டிக்கு இரண்டு மடங்கு கட்டணம் என்று ஆனது. 2025 நவம்பர் 15 முதல் இதில் சின்ன சலுகை வந்தது. டேக் இல்லாமலோ, டேக் வேலை செய்யாமலோ போனால் ரொக்கத்துக்கு 2 மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் ஒண்ணேகால் மடங்கு. 2025 ஆகஸ்டு 15-ல் வந்த வருஷ பாஸ் சொந்த உபயோக வண்டிக்கு மட்டும் தான். மஞ்சள் போர்டுக்கு கிடையாது. தினமும் எல்லையை தாண்டுவது யார் என்று பார்த்தால், இது டாக்சிக்காரர்களுக்கு கசப்பான விஷயம் தான்.

கமிஷன் எவ்வளவு?

கார்டு மிஷின் வைத்தால் மாத வாடகை உண்டு. அதற்கு மேல், ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்குள் உள்ள சிறு வியாபாரியிடம் டெபிட் கார்டுக்கு அதிகபட்சம் 0.40 சதவீதம் பிடிக்கலாம் என்று 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி வரம்பு வைத்தது. ஆயிரம் ரூபாய் வாடகைக்கு 4 ரூபாய். கிரெடிட் கார்டுக்கு இதை விட ஜாஸ்தி. ஆனால் ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கி கணக்கில் இருந்து போன் மூலம் வரும் யு.பி.ஐ. பணத்துக்கும் 2020 ஜனவரி முதல் கமிஷன் கிடையாது. அதனால் தான் மிஷினை விட்டு விட்டு எல்லோரும் கியூ.ஆர். அட்டைக்கு மாறி விட்டார்கள்.

நோட்டீஸ் பயம்

2025 ஜூலையில் பெங்களூருவில் பேக்கரி, டீக்கடை, காய்கறி கடைக்காரர்களுக்கு யு.பி.ஐ. கணக்கை பார்த்து கர்நாடக வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. பல கடைகளில் கியூ.ஆர். அட்டையை கழட்டி, 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதல்-மந்திரி சித்தராமையா சொன்ன பிறகு தான் பிரச்சினை அடங்கியது.

அந்த பயம் டாக்சி டிரைவருக்கு தேவையா? சேவை தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு ஆண்டுக்கு ரூ.20 லட்சம். கணக்கு போட்டால், வருஷம் பூரா லீவு எடுக்காமல் தினமும் சுமார் ரூ.5,480 வாடகை வந்தால் தான் அந்த வரம்பு. மீட்டர் டாக்சிக்கு ஜி.எஸ்.டி. விலக்கே இருக்கிறது. கமிஷன் பிடிக்கும் ஆப் கம்பெனி சவாரிக்கு வரி கட்ட வேண்டியது அந்த கம்பெனி. ஒரு வண்டி வைத்து ஓட்டுபவர் அட்டையை கழட்ட வேண்டிய அவசியம் இல்லை. சொல்லப்போனால் வண்டி லோன் கேட்டு பேங்குக்கு போகும்போது, வரவு காட்ட அந்த ஸ்டேட்மெண்ட் தான் கை கொடுக்கும்.

பணம் வரலைன்னா?

டிரைவர் நிஜமாக பயப்பட வேண்டியது வேறு இடத்தில். ராத்திரி ஷிப்ட் முடிந்து இறங்கும் ஆள், போனை தூக்கி காட்டி "போட்டாச்சுண்ணே" என்று சொல்லி விட்டு போய் விடுவார். 'வெற்றி' என்று பச்சையாக காட்டும் போலி ஆப்களும் இருக்கு. பயணியின் போனை பார்க்காதீர்கள், உங்கள் போனில் வரவு வந்ததா என்று பாருங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டிய வேலையே இல்லை. போட சொன்னால் அது மோசடி.

பயணி பக்கம் பணம் போய், டிரைவருக்கு வராமல் தொங்கினால்? 2019 அக்டோபர் 15 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, டிரைவரின் சொந்த கணக்குக்கு அனுப்பிய பணம் என்றால் மறுநாளுக்குள்ளும், வியாபாரி கியூ.ஆர். என்றால் 5 நாளுக்குள்ளும் பயணிக்கு தானாக திரும்ப வேண்டும். தாமதம் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி ரூ.100 தர வேண்டும். இதை கேட்டு வாங்குபவர்கள் குறைவு. பணம் திரும்பி போவது பயணியின் கணக்குக்கு என்பதால், வாடகையை விட்டு விடாமல் அவரது போன் நம்பரை வாங்கி வைத்துக் கொள்வது நல்லது.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. மோசடி என்று தெரிந்தால் நேரம் கடத்தாமல் 1930 எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.