மின்சாரம் போனால் இரண்டாம் கியர்

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். அத்தனை பேரைச் சுமந்த வண்டியை நகர்த்தும் வலு அந்த விசிலுக்குக் கிடையாது. வலு எஞ்சினிலும் டிரைவர் காலிலும் இருக்கிறது. விசிலின் வேலை, எப்போது என்று சொல்வது மட்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்யலாமாமே என்று யார் கேட்டாலும் நான் இந்த விசிலில்தான் ஆரம்பிப்பேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும் கதை.

அமெரிக்காவில் எழுபதுகளின் ஷெவர்லே பிக்கப்பை இன்னும் கைவிடாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய உண்டு. வி8 எஞ்சின், கார்புரேட்டர், பல வண்டிகளில் டர்போ ஹைட்ராமாடிக் 400 என்ற மூன்று கியர் பெட்டி. 1964-இல் வந்த பெட்டி அது, முரட்டு உழைப்பாளி. குறை ஒன்றுதான். மூன்றாவது கியரோடு முடிந்துவிடும், அதுவும் நேர் விகிதம், ஒன்றுக்கு ஒன்று. பின் ஆக்சில் 3.73, டயர் உயரம் 30 அங்குலம் என்று வையுங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 முறை சுற்றியாக வேண்டும். 0.75 விகிதத்தில் நான்காவது கியர் ஒன்று மட்டும் இருந்திருந்தால் 2,200 போதும். பெட்ரோலும் மிச்சம், காதும் மிச்சம்.

அந்த நான்காவது கியரை ஷெவர்லேயைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸே 1991-இல் தன் லாரிகளில் கொடுத்தது. பெயர் 4எல்80-இ. பழைய 400-இன் முன்பக்கம் ஓவர்டிரைவ் பற்சக்கரத் தொகுதி ஒன்றைச் சேர்த்ததுதான் என்று சொன்னால் பெரிய பிழையில்லை. பெயரில் 4 என்பது கியர்களின் எண்ணிக்கை, எல் என்றால் நீளவாக்கில் பொருத்துவது, 80 என்பது தாங்கும் வலுவின் தரம். கடைசி இ-தான் எலெக்ட்ரானிக். வம்பெல்லாம் அந்தக் கடைசி எழுத்தில் இருக்கிறது. நம்மூர் காயலான் கடை மாதிரி அங்கே இருக்கும் பழைய வண்டிக் கிடங்கில் இந்தப் பெட்டியை வாங்கிவிடலாம். ஆனால் அதோடு பிறந்த கம்ப்யூட்டர் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே பார்த்துக்கொண்ட கம்ப்யூட்டர். கார்புரேட்டர் எஞ்சினுக்கு அது உதவாது. பெட்டி வந்துவிட்டது, விசில் ஊத ஆள் இல்லை.

பழைய பெட்டிக்கு யார் ஊதினார்கள்? எண்ணெய்தான். வெளியே போகும் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் கவர்னர் என்ற சின்ன எடைக்கற்கள், வேகம் கூடக்கூட விரிந்து எண்ணெய் அழுத்தத்தை ஏற்றும். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில் கட்டிய மாடுலேட்டர், நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதற்கேற்ப எதிர்ப்பக்கத்து அழுத்தத்தை ஏற்றும். நடுவில் ஒரு வால்வு. வேகத்தின் கை ஓங்கினால் அடுத்த கியர், மிதியின் கை ஓங்கினால் இருக்கிற கியரிலேயே இரு. எண்ணெயாலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு அழகான இயந்திரத்தை நாம் பெருமையாகப் பேசுவதே இல்லை.

4எல்80-இ அந்தக் கணக்குப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்பியது. உழைப்பாளிகள் அப்படியே இருக்கிறார்கள்: பம்ப், வால்வுகள், கிளட்ச்கள். முடிவு மட்டும் ஒயர் வழியாக வரும். இதற்கென்றே கடையில் கன்ட்ரோலர் கிடைக்கும், பல நூறு டாலர் விலையில். மெகாஸ்கர்ட் என்ற எரிபொருள் கம்ப்யூட்டரை வீட்டிலேயே கட்டுகிற மாதிரி வடிவமைத்த புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரும் மெகாஷிஃப்ட் என்று கியர்பாக்ஸுக்கும் ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்கு மேலும் சொந்தமாக ஆர்டுயினோ போன்ற சின்ன போர்டு ஒன்றில் எழுதிப் பார்ப்பேன் என்கிறவர்களுக்குத்தான் இந்த டீ.

ஊத வேண்டியது எத்தனை விசில்? கியர் மாற்ற இரண்டே சொலினாய்டு. மின்சாரம் வந்தால் எண்ணெய் வழி ஒன்றை மாற்றிவிடும் காந்தச் சுருள், அவ்வளவுதான். ஏ, பி என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் ஓடினால் எரிகிறது, ஓடாவிட்டால் அணைந்திருக்கிறது என்று பல்பு மாதிரியே சொல்கிறேன். ஏ மட்டும் எரிந்தால் முதல் கியர். இரண்டும் அணைந்திருந்தால் இரண்டாவது. பி மட்டும் எரிந்தால் மூன்றாவது. இரண்டும் எரிந்தால் நான்காவது. நின்று கவனித்தால் இதில் ஒரு நேர்த்தி தெரியும். ஒவ்வொரு கியர் ஏறும்போதும் ஒரே ஒரு சொலினாய்டுதான் நிலை மாறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் மாற வேண்டியிருந்தால், ஒன்று ஒரு கண்ணிமைப்பொழுது முந்தினாலும் இடையில் வேறொரு கியர் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அதற்கு இடமில்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் இதே நேர்த்திக்குள் ஒரு பள்ளமும் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

சொலினாய்டின் ஒரு முனைக்கு எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும். மறுமுனையை எர்த்தோடு சேர்ப்பதும் விடுவதும் கன்ட்ரோலர் வேலை. சுருள் எடுப்பது சுமார் அரை ஆம்பியர். அதற்கு மாஸ்ஃபெட் என்ற எலெக்ட்ரானிக் சுவிட்ச் ஒன்று போதும், விலையும் அற்பம். என் மேஜையில் முதல் தடவை பாட்டரியில் கட்டினபோது டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அத்தனை சந்தோஷம். நிறுத்தினேன், மறுபடி போட்டேன், சத்தமே இல்லை. காந்தச் சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் அது அடங்காது. ஓடி வருகிறவன் காலைத் தட்டிவிட்ட மாதிரி, எதிர்த்திசையில் பல மடங்கு வோல்ட்டேஜாக எகிறும். அது போக ஒரு சந்து வேண்டும், சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு. நான் வைக்கவில்லை, மாஸ்ஃபெட் செத்தது. சர்க்யூட் படத்தில் டயோடு இருக்கத்தான் செய்தது. அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டது நான்.

எப்போது ஊதுவது? இரண்டு செய்தி வேண்டும். ஒன்று மிதி. கார்புரேட்டரின் திராட்டில் தண்டில் ஒரு பொசிஷன் சென்சார் பொருத்தினால், மிதிக்கிற அளவுக்கு வோல்ட்டேஜ் வரும். மற்றது வேகம். வெளிஷாஃப்டில் 40 பல் உள்ள வளையம் இருக்கிறது. பக்கத்தில் காந்தத்தில் சுற்றிய ஒரு சுருள். பல் கடக்கும்தோறும் ஒரு சின்ன அலை. நாம் பார்த்த 112 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 1,950 அலை வரை வரும். வண்டி ஊர்ந்தால் அலை குறைவதோடு அதன் உயரமும் சுருங்கிவிடும், இரைச்சலில் காணாமல் போகும். அதை நல்ல சதுர அலையாக்கிக் கொடுப்பதற்கென்றே எல்எம்1815 மாதிரி சிப்கள் உண்டு. நேரே போர்டின் காலில் கொண்டுபோய் ஒட்டினால் வேலைக்காகாது.

இந்த இரண்டையும் வைத்து ஒரு அட்டவணை. இவ்வளவு மிதியில் இவ்வளவு வேகம் வந்தால் ஏறு. இறங்குவதற்கு அதே வேகத்தை எழுதிவிடாதீர்கள். 65 கிலோமீட்டரில் நான்காவதுக்கு ஏறுகிறது, 65-க்குக் கீழே மூன்றாவதுக்கு இறங்குகிறது என்று எழுதினால், லேசான மேட்டில் 64, 66 என்று போகிற வண்டி ஏறி இறங்கி ஏறி இறங்கி உயிரை வாங்கும். 65-இல் ஏறினால் 55-இல் இறங்கு என்று இடைவெளி விட வேண்டும். லீவர் எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குள் இருக்கும் பிரஷர் சுவிட்சுகள் சொல்லும். பார்க்குக்கும் நியூட்ரலுக்கும் ஒரே குறிதான் வரும், இரண்டிலுமே கிளட்சுக்கு எண்ணெய் போவதில்லை. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் எண்ணெயால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டும் சொலினாய்டு தனி. நிதான வேகத்தில் பூட்டு, பிரேக்கைத் தொட்டால் விடு. அதில் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது அழுத்தம். கியர் மாறுவது பலர் நினைப்பதுபோல் பற்கள் நகர்வதால் அல்ல. உள்ளே கிளட்ச் என்பது இட்லித் தட்டு அடுக்கின மாதிரி. ஒன்றுவிட்டு ஒன்று இந்தப் பக்கத்தோடும் அந்தப் பக்கத்தோடும் பிணைந்த வட்டத் தட்டுகள், எண்ணெயில் நனைந்தபடி. ஒரு பிஸ்டன் அமுக்கினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். அமுக்கம் குறைந்தால் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் தட்டின் மேல்பூச்சு கருகி எண்ணெய் தீய்ந்த வாடை அடிக்கும். அமுக்கம் கூடினால் வண்டி உதைக்கும், வண்டி பழகுகிற பையன் கிளட்சைச் சட்டென்று விட்டதுபோல. இரண்டில் உதை தேவலை. முதுகு வலிக்கும், பெட்டி பிழைக்கும்.

இந்த அழுத்தத்துக்கு இன்னொரு சொலினாய்டு. இது ஆன், ஆஃப் ரகமல்ல. மின்சாரம் எவ்வளவு ஓடுகிறதோ அதற்கேற்ப அழுத்தம், அதுவும் தலைகீழாக. 1.1 ஆம்பியர் ஓடினால் மிகக் குறைந்த அழுத்தம், ஒன்றுமே ஓடாவிட்டால் முழு அழுத்தம். ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் ஏன் தலைகீழ் என்று விளங்கும்.

சுருளின் தடை சில ஓம்தான். 4 ஓம் என்று கொண்டால், 12 வோல்ட்டை நேரே கொடுத்ததும் 3 ஆம்பியர் பாயும். அதனால் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை போட்டு நிறுத்தி, சராசரியில் வேண்டிய ஆம்பியரைக் கொண்டுவருவார்கள். முப்பது சதவீத நேரம் போட்டால் இவ்வளவு என்று ஒரு கணக்கு எழுதி, காலையில் ஓட்டிப் பார்த்தால் வெண்ணெய்போல் மாறும். ஒரு மணி நேரம் கழித்து அதே வண்டி உதைக்கும். பெட்டி போய்விட்டது என்று பிரித்து உட்காருகிறவர்கள் உண்டு. பெட்டியில் கோளாறு இல்லை. செம்புக் கம்பி சூடானால் தடை ஏறும். 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 30 சதவீதம். அதே முப்பது சதவீத நேரத்தில் இப்போது முக்கால்வாசி மின்சாரம்தான் ஓடுகிறது. மின்சாரம் குறைந்தால் அழுத்தம் கூடும், அதான் உதை. ஆகவே நேரத்தை எழுதிவைத்துப் பயனில்லை, ஓடுகிற ஆம்பியரை அளந்து சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். பாதையில் 0.1 ஓம் தடை ஒன்று போட்டு, அதன் இரு முனைக்கும் இடையில் உள்ள வோல்ட்டைப் படித்தால் போதும். இந்த ஒரு தடைக்காக அரை நாள் மெனக்கெடலாம்.

இப்போது அந்தப் பள்ளம். நான்காவது கியரில் ஏ, பி இரண்டும் எரிகின்றன. அதிர்ச்சியில் பி-யின் ஒயர் மட்டும் கழன்றது என்று வையுங்கள். மிச்சம் ஏ மட்டும். ஏ மட்டும் என்றால் முதல் கியர்! 112 கிலோமீட்டரில் முதல் கியரின் 2.48 விகிதத்துக்கு எஞ்சின் 7,200 சுற்றுக்கு மேல் போக வேண்டும். லீவர் டிரைவில் இருக்கும்வரை முதல் கியரைத் தாங்கும் ஒருவழிக் கிளட்ச் சக்கரத்தைச் சும்மா உருள விட்டுவிடும், 400 காலத்து ஏற்பாடு அது. ஆனாலும் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டிருந்தால் எஞ்சின் அலறும். எனவே சொல்லியனுப்பிய கியரும் நடக்கிற கியரும் ஒன்றுதானா என்று எஞ்சின் சுற்றையும் வெளிஷாஃப்ட் சுற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சில வரிகள் புரோகிராமில் இருந்தே ஆக வேண்டும்.

இதைவிடப் பொல்லாதது வேக சென்சார் ஒயர். அது அறுந்தால் அலை நிற்கும். அலை நின்றால் வேகம் பூஜ்யம். வேகம் பூஜ்யம் என்றால் முதல் கியர் போடு என்று நாமேதான் எழுதி வைத்திருக்கிறோம். ஒயர் அறுந்ததும் வண்டி நின்றதும் கன்ட்ரோலருக்கு ஒரே மாதிரி. 112-இல் போன வண்டி பத்தில் ஒரு விநாடியில் நிற்காது என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும், அதற்கு எழுதித்தான் தர வேண்டும்.

கன்ட்ரோலரே மயங்கி விழுந்தால்? ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினியர்கள் அதற்கும் சொல்லிவைத்துவிட்டார்கள். மின்சாரமே இல்லாவிட்டால் இரண்டும் அணைந்த நிலை, அதாவது இரண்டாம் கியர், முழு அழுத்தம். முதல் கியராக இருந்தால் ஊர்ந்துதான் வீடு சேரணும், நான்காவதாக இருந்தால் கிளம்பவே திணறும். இரண்டாவதில் மேடும் ஏறலாம், மெதுவாக ஊரும் போய்ச் சேரலாம். நெடுஞ்சாலையில் திடீரென்று விழுந்தால் எஞ்சின் 4,300 சுற்றுக் கணக்குக்கு வரும், திடுக்கிடும்தான். ஆனால் 7,200 இல்லை. நாம் செய்ய வேண்டியது இந்த ஏற்பாட்டைக் கெடுக்காமல் இருப்பது. ஒவ்வொரு மாஸ்ஃபெட்டிலும் கட்டளை வாங்கும் கேட் என்ற காலிலிருந்து எர்த்துக்கு 10 கிலோ ஓம் தடை ஒன்று. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பாட்டரி சரிந்து போர்டு மறுபடி விழித்தெழும் அந்த நொடியில் அதன் கால்கள் எதுவும் சொல்லாமல் மிதக்கும். அப்போது இந்தத் தடைதான் மாஸ்ஃபெட்டை அணைத்து வைக்கிறது.

எல்லாம் கட்டி முடித்தாலும் நேரே ரோட்டுக்குப் போகக் கூடாது. முதலில் சொலினாய்டு இடத்தில் சின்ன 12 வோல்ட் பல்புகள், மேஜையிலேயே. ஒரு குமிழைத் திருகி வேகம் என்று ஏமாற்றி, பல்புகள் வரிசையாய் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு பெட்டியில் கட்டி, பின்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து மெதுவாக மிதிக்க, மூன்றாவது கியர் விழுந்ததும் இன்னொருவர் கன்ட்ரோலரின் ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். டக்கென்று ஒரு உதை கேட்கும், சக்கரம் இரண்டாம் கியருக்கு வந்து நிதானமாகச் சுற்றும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸைத் திரும்பப் போடாதீர்கள், எஞ்சினை அணைத்துவிட்டு ஒயரைப் பாருங்கள்.