ஜனாதிபதி கையெழுத்திட்டால் தூக்கிலிடலாமா?

போதைப்பொருளோடு யாராவது பிடிபட்டால் மறுநாள் என் வகுப்பில் ஒரு குரல் எழும்: "தூக்கில போடணும் சேர்." குடியியல் படிப்பிக்கும் எனக்கு இதற்குப் பதில் சொல்வது லேசில்லை. ஏனெனில் நமது அரசியலமைப்பு மரண தண்டனையைத் தடை செய்யவில்லை.

கொடூரமான தண்டனை கூடாது என்கிறது 11ஆம் உறுப்புரை. ஆனால் பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்கிறது 16ஆம் உறுப்புரை. கொலைக்கு மரண தண்டனை சொல்லும் தண்டனைச் சட்டக்கோவையோ 1883ஆம் ஆண்டினது. போதைப்பொருளுக்கான மரண தண்டனை 1984இல் வந்தது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பிறகு நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது.

எஞ்சுவது நடைமுறை. தகுதியான நீதிமன்றத்தின் கட்டளையின்றி, சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவரையும் மரணத்தால் தண்டிக்கக் கூடாது என்கிறது 13(4). உயிர் வாழும் உரிமை என்று தனி உறுப்புரை இல்லாத நமது அரசியலமைப்பில், 2003இல் உயர் நீதிமன்றம் அந்த உரிமையைக் கண்டெடுத்தது இந்த வரியில்தான்!

அடுத்தது 34ஆம் உறுப்புரை. மரண தண்டனை விதிக்கப்பட்டால், விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு ஆகிய மூன்றும் ஜனாதிபதியிடம் போக வேண்டும். 1976 ஜூன் 23க்குப் பிறகு இங்கு யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் அலுகோசு பதவிக்கு விளம்பரம் வந்தது; நால்வரின் மரண ஆணையில் கையெழுத்திட்டதாக மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். ஜூலை 5இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

மன்னிப்புக்கும் எல்லை உண்டு. மரண தண்டனைக் கைதி துமிந்த சில்வாவுக்கு 2021இல் கோட்டாபய ராஜபக்ச வழங்கிய பொதுமன்னிப்பை 2024 ஜனவரியில் அதே நீதிமன்றம் இரத்துச் செய்தது. ஆளைப் பார்த்து மன்னிக்க முடியாதென்றால், ஆரவாரத்துக்காகக் கொல்லவும் முடியாதுதானே?

இந்தப் பாடத்தை மூதூர் ரிஸானா நபீக்கின் பெயரைச் சொல்லாமல் என்னால் முடிக்க இயலவில்லை. 2005இல் சவூதியில் அவர் பராமரித்த குழந்தை இறந்தபோது, பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டு வேறு வயது காட்டியது. நமது தண்டனைச் சட்டக்கோவையில் 18 வயதுக்கு உட்பட்டவருக்கு மரண தண்டனை விதிக்க இடமில்லை. அங்கோ குழந்தையின் பெற்றோர் மன்னித்தால்தான் உண்டு; அவர்கள் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9இல் தண்டனை நிறைவேறியது.

"வயசை யாரும் பார்க்கல்லயா சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். மேன்முறையீடு நடந்தது, 2010இல் தண்டனை உறுதியானது என்றேன்.