ஆறு வளர்க்கும் இறால், குளம் வளர்க்கும் இறால்

ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி ஏரல், ஆத்தூர், முக்காணி வழியே வரும் தாமிரபரணி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும். வற்றத்தில் ஆற்றுநீர் வெளியே போகும். இரண்டும் கலந்த உவர்நீரும், அலையாத்தி மரங்களின் வேரடிச் சேறும்தான் வெள்ளை இறால் குஞ்சுக்குத் தொட்டில்.

இறால் ஆற்றில் முட்டையிடுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். தாய் இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சு பலமுறை உருமாறி, சுமார் இரண்டு வாரத்தில் மயிரிழை போன்ற சிற்றிறாலாகிறது. பிறகு ஏற்றநீரோடு கழிமுகத்துக்குள் நுழைந்து, மக்கிய இலைத்தூளையும் நுண்ணுயிர்களையும் தின்று சில மாதம் வளர்ந்து, கடலுக்கே திரும்புகிறது. கொசுவலை கட்டிக் குஞ்சை அள்ளினால், அடுத்த பருவத்தில் கடலில் வலை வீசுபவருக்குத்தான் நட்டம். ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்து அடியோடு நின்றாலும் அப்படியே. கடலில் வீணாய்ப் போகிறது என்று சொல்லப்படும் தண்ணீருக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

ஆறு சும்மா செய்வதைப் பண்ணைக் குளத்தில் காசு கொடுத்துச் செய்ய வேண்டும். குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வரும். உப்புத்தன்மை 10 முதல் 25 பிபிடி, பி.எச். 7.5 முதல் 8.5 இருப்பது நல்லது. விடியற்காலையில்தான் நீரில் பிராணவாயு மிகவும் குறையும்; அந்நேரம் ஏரேட்டர் நின்றால் மூன்று மாத உழைப்பு ஒரே இரவில் மிதக்கும். தீவனத்தைத் தட்டில் வைத்துப் பார்த்து, மிச்சமிருந்தால் அடுத்த வேளைக்குக் குறைக்க வேண்டும்.

1990-களில் வரி இறால் வளர்த்துப் பணம் பார்த்தவர்கள் பலரை வெள்ளைப்புள்ளி நோய் சாய்த்தது. இந்த வைரஸுக்கு இன்றும் மருந்து இல்லை. 2009-க்குப் பின் பரவிய வனாமி இறாலையும் அது விடுவதில்லை. பி.சி.ஆர். சோதனை செய்யாத குஞ்சை, விலை குறைவு என்பதற்காக வாங்கக் கூடாது.

வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள வயலைக் குளமாக வெட்டும் ஆசை கூடவே கூடாது. கசியும் உப்பு அடுத்தவர் கிணற்றையும் கெடுக்கும். விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் பண்ணையாக மாற்றக் கூடாதென 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஏற்கெனவே உவர்ப்பேறிக் கிடக்கும் தரிசு நிலம் உள்ளவர்கள், 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்த பிறகே குளம் வெட்டலாம். மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். கழிவுநீர் தேங்கித் தெளிய ஒரு தனிக்குளத்துக்கும் முதலிலேயே இடம் ஒதுக்க வேண்டும்.