ராணியை இழக்கலாம், ராஜாவை இழக்கலாமா?

சதுரங்கத்தில், 'இந்த முறை நான் ஆடவில்லை' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் முறை வந்தால் ஒரு காயை நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்தியதைத் திரும்பப் பெறவும் முடியாது. நம் வாழ்வும் இப்படித்தான். முடிவெடுக்காமல் காலம் கடத்துவதும் ஒரு முடிவே.

1956-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த போட்டியில், 13 வயதுச் சிறுவன் பாபி ஃபிஷர், அனுபவம் மிக்க டொனால்ட் பைர்னைச் சந்தித்தான். 17-ஆவது நகர்த்தலில், எதிராளியின் தாக்குதலுக்கு உள்ளான தன் ராணியைக் காப்பாற்றாமல் வேறு காயை நகர்த்தினான். ராணி பறிபோனது. ஆனால் அதற்கு ஈடாக ஒரு யானை, இரண்டு பிஷப், ஒரு சிப்பாய் ஆகியவை அவனுக்குக் கிடைத்தன. 41-ஆவது நகர்த்தலில் அவனே வென்றான். 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று அது இன்றும் போற்றப்படுகிறது.

இது குருட்டுத் துணிச்சல் அல்ல. இழப்பதையும் பெறுவதையும் எண்ணிப் பார்த்தபின் எடுத்த துணிவு. ராணியைக் கொடுத்தவன் ராஜாவைப் பணயம் வைக்கவில்லை. ராஜா போனால் ஆட்டமே முடிந்துவிடும் அல்லவா?

புதிய தொழில், வெளிநாட்டு வேலை, பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கும் கடன் என்று நாமும் துணிந்து இறங்குகிறோம். சேமிப்பையும் வசதியையும் இழந்தால் மீண்டும் தேடிக்கொள்ளலாம். குடியிருக்கும் வீட்டையும், குடும்பத்தின் ஒற்றுமையையும், மனச்சான்றையும் பணயம் வைக்கலாமா?

அடுத்த காயை நகர்த்துமுன் நம்மையே கேட்டுக்கொள்வோம்: நம் வாழ்வில் ராணி எது? ராஜா எது?